ஜாடிக்கு என்ன வயசு?

என் மாமனார் வீட்டு மானத்தை இன்று கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

மானம் என்று நான் சொல்வது ஒரு கண்ணாடி ஜாடியை. பித்தளை மூடி, கழுத்தில் பித்தளை வளையம், தூக்குவதற்குப் பித்தளைக் கைப்பிடி. கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. சாப்பாட்டு மேஜையில் பிஸ்கட் சுமந்து நிற்கும். "எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்து ஜாடி" என்று என் மனைவி சொல்லிக் கேட்காத விருந்தாளி கிடையாது.

நான் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல். ஊரே தூங்கும்போது விழித்திருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் வரும். சம்பளமே அதற்குத்தான். அந்தத் தனிமைக்குத் துணையாகப் பழைய கண்ணாடியைப் பற்றி நானே படித்துக் கற்றுக்கொண்டேன். அப்படிச் சேர்த்த கிண்ணங்களும் குப்பிகளும் கட்டிலுக்கடியில் செய்தித்தாளுக்குள் கிடக்கின்றன, என்னைப் போலவே பகலைப் பார்க்காமல். ஹால் ஷோகேஸில் அவற்றுக்கு ஒரு தட்டு வேண்டும். எனக்கு மிச்சமிருக்கும் ஆசை அது ஒன்றுதான்.

"கண்டதையும் வாங்கிட்டு வந்து பழசு பழசுங்கறீங்க. பழசுன்னா என்னன்னு எங்க ஜாடியப் பாத்துக் கத்துக்குங்க" என்றாள் மனைவி.

"உங்க ஜாடி பழசே இல்ல. நிரூபிக்கட்டுமா?"

"நிரூபிச்சா?"

"ஷோகேஸ் மேல்தட்டு எனக்கு."

"சரி."

எனக்குச் சுருக்கென்றது. இவள் 'சரி' சொல்கிறாளா? கல்யாண மேடைக்குப் பிறகு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வந்ததாக ஞாபகமில்லை. அதோடு நின்றாளா? மேஜை விளக்கை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"வெளிச்சம் போதுமாங்க?"

சந்தேகம் இரட்டிப்பானது.

ஜாடியைச் சுற்றி மேடாக ஒரு கோடு ஓடியது. இரும்பு அச்சில் அழுத்தி வார்த்த கண்ணாடிக்கு அந்தத் தழும்பு இருக்கும். அதை வைத்து வயது சொல்ல முடியாது. அடிப்பாகத்தைப் பார்த்தேன். காலங்காலமாக மேஜையில் இழுபட்ட ஜாடிக்குக் கண்ட திசையிலெல்லாம் கீறல் விழுந்திருக்கும். இங்கே பிஸ்கட் பிசுக்குதான் ஒட்டியிருந்தது.

"கழுவினாத்தானே தெரியும்?" என்றாள்.

நியாயம். கழுவினேன், உள்ளும் புறமும். கீறல் அதிகமில்லை; ஆனால் அது மட்டும் சாட்சியாகாது.

"பித்தளை கறுத்துக் கிடக்கே. அடியில ஏதாவது முத்திரை இருந்தா எப்படித் தெரியும்?"

அதுவும் நியாயம். கேட்பதற்குள் வினிகரும் பழைய பல்துலக்கியும் வந்தன. தேய்த்தேன். ஜாடி பளபளத்தது. அவள் முகமும் பளபளத்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

எதிர்வீட்டு டெய்லரம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பாத்திரம் தேய்க்கறீங்களா?"

"ஆராய்ச்சி பண்றேம்மா."

"நல்ல ஆராய்ச்சி! எங்க வீட்டுக்காரருக்கும் இந்தக் கிறுக்கு... இந்தப் படிப்பு வந்தாத் தேவலை."

அவளும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைக் கிடங்கு வாசலில் பார்த்திருந்தால் விசில் ஊதியிருப்பேன்.

மூடியின் கீல் இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு ஆட்டி ஆட்டித் திறந்தேன். ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியின் திருகாணியைச் சுரண்டினேன். அழுக்கு விலகியது. அதன் தலையில் ஒற்றைக் கோடு இல்லை, கூட்டல் குறி! ஸ்டார் ஸ்க்ரூ! கழற்றினால், வளையத்துக்கு அடியில் அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலாக இந்தக் காலத்துப் பிசின்!

"மாட்டிக்கிட்டியா?" என்று கத்தினேன். "உன் பாட்டனுக்குப் பாட்டன் ஸ்டார் ஸ்க்ரூவக் கனவுலகூடக் கண்டிருக்க மாட்டாரு!"

"கழட்டிப் போட்டுட்டுக் கத்தினா ஆச்சா? ஒழுங்கா மாட்டி வெச்சுட்டுச் சொல்லுங்க."

வளையத்தைப் புதுப் பிசினில் உட்கார வைத்தேன். கைப்பிடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். அவள் ஜாடியைத் தூக்கிப் பார்த்தாள். ஆடவில்லை. மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

"புதுசுதாங்க. கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பாகூடக் கடைக்குப் போயி நான்தான் எடுத்தேன்."

"அப்புறம் எதுக்குடி பாட்டன் கதை?"

"விருந்தாளிங்களுக்குச் சொன்னது. நீங்க அதைப் போயி ஆராய்ச்சி பண்ணினா நான் என்ன பண்ணட்டும்? கைப்பிடி ஆடுது, மூடி திறக்கலன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்? தூக்கம் வருதும்பீங்க."

ஆனாலும் ஜெயித்தவன் நான்தானே? கட்டிலுக்கடியிலிருந்து என் கிண்ணங்களை அள்ளிக்கொண்டு ஷோகேஸுக்கு ஓடினேன். மேல்தட்டு எனக்காகக் காலியாகவே இருந்தது. கண்ணாடிக் கதவை இழுத்தேன். அசையவில்லை. தோள் கொடுத்து இழுத்தேன். அப்போதும் அசையவில்லை.

மனைவி மேஜை விளக்கையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தக் கதவு எந்தக் காலத்துதுன்னும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."