டிரம்ஸ்காரரை நாங்கள் தாங்கிப் பிடித்த விதம்

மனித மனத்தின் புண்ணை ஆற்றுவதற்கென்று உலகில் இதுவரை தோன்றிய அமைப்புகளில், எங்கள் ‘இசைக் கலைஞர் மனம் திறப்பு அவை’க்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியுமா என்று நான் அடிக்கடி யோசித்துப் பார்ப்பதுண்டு. முடியவில்லை. அதன் நிறுவனரும் தலைவரும் நானே என்பதால் இப்படிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வேறு யாரும் சொல்ல முன்வராததால் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர், ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் மாலைதோறும் வாசிக்கிறவர்கள். நான் வயலின். மற்றவர்கள் பாடகி, புல்லாங்குழல்காரர், கீபோர்டுக்காரர், டிரம்ஸ்காரர். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் கோள் சொல்வதில் மட்டும் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை இருந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு பயிலரங்குக்குப் போய் ‘பரஸ்பர நம்பிக்கை’யைக் கற்றுக்கொண்டு வந்தேன். முதலில் வீட்டில், மனைவியிடம் செய்து பார்த்தேன். வேறு வேலை இல்லையா என்று கேட்டாள். ஆகவே குழுவிடம் கொண்டுபோனேன்.

உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறையில் அவை கூடியது. முதல் பயிற்சியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும். புல்லாங்குழல்காரர் சாய்ந்தார். நாங்கள் சட்டென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டோம். அவர்மேல் பிரியம் இல்லாமல் இல்லை. விரல் சுளுக்கிக்கொண்டால் மாலையில் யார் வாசிப்பது? பாடகிக்கு விரலைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் திடீரென்று கத்தினால் தொண்டை கட்டிவிடும் என்று, விழப்போகிறவரை எச்சரிக்காமலே இருந்துவிட்டார். நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து எழுந்த புல்லாங்குழல்காரரும் இடுப்பைக் கவனிக்கவில்லை, உதட்டைத்தான் தடவிப் பார்த்தார். நம்பிக்கைக்கு அடிப்படை பரஸ்பரப் புரிதல் என்று நான் முடிவுரை ஆற்றினேன்.

அடுத்தது ‘துயரப் பகிர்வு’. இதில் எங்கள் தொழில் அனுபவம் கைகொடுத்தது. மகன் தன்னோடு பேசுவதில்லை என்று கீபோர்டுக்காரர் சொன்னார். எங்களை அறியாமல் “பலே” என்று தலையாட்டிவிட்டோம். மேடையில் ஒருவர் வாசித்து முடித்தால், அடுத்தவர் அதற்கு ஒரு படி மேலே போய்க் காட்ட வேண்டும் அல்லவா? பாடகியோடு கணவர், மாமியார் இரண்டு பேருமே பேசுவதில்லை. புல்லாங்குழல்காரரோடு குடும்பமே பேசுவதில்லை. என் முறை வந்தபோது உலகத்தில் ஆள் மிச்சமில்லை. என்னோடு நானே பேசுவதில்லை என்று சொல்லி முடித்தேன். நல்ல கைதட்டல்.

கடைசியாக டிரம்ஸ்காரர். அதிகம் பேசாத மனிதர். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“எனக்குக் காது போயிட்டு வருதுங்க. எதிர்ல நின்னு பேசினா புரியுது. பாட்டு மட்டும் மொத்தமா ஒரே இரைச்சலா விழுது. அண்ணனோட தோளைப் பாத்துத்தான் வாசிக்கிறேன். வில்லு இறங்குறப்ப தோளும் இறங்கும், அது போதும் எனக்கு. மேனேஜருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாரு. உங்களை நம்பித்தான் சொல்றேன்.”

அண்ணன் என்றது என்னை. இப்போது யாரும் “பலே” சொல்லவில்லை. ஒரு மனிதர் இத்தனை காலமாக என் தோளை நம்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறார், அது தெரியாமல் நான் அதைச் சட்டை மாட்ட மட்டுமே பயன்படுத்தி வந்திருக்கிறேன். என்ன வந்தாலும் அவரைக் கைவிடுவதில்லை என்று அங்கேயே ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அன்று மாலையே தீர்மானம் அமலுக்கு வந்தது. அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் தோளை வழக்கத்தைவிடப் பெரிதாக ஏற்றி இறக்கினேன். வில்லால் அந்தத் தோளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை, பின்தங்கியது. என் தோளை மட்டும் நம்பி ஒருவரை விடலாமா என்று கீபோர்டுக்காரர் தலையால் தாளம் காட்டினார். அவர் எப்போதுமே கொஞ்சம் அவசரக்காரர். புல்லாங்குழல்காரர் முழங்காலை மடக்கி மடக்கி நிமிர்ந்தார். பாடகி கையை வீசி, கண்ணாலும் தாளம் காட்டினார். நாலா பக்கமிருந்தும் ‘ஆதரவு’ பெருகியது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில். பாவம், அந்த மனிதர் தோளைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். எங்கே அடிப்பதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்திய பிறகுதான் நாங்கள் ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருப்பது கூடம் முழுக்கக் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

மேனேஜர் எங்களைச் சமையலறை வாசலில் நிற்க வைத்தார். டிரம்ஸ் நின்றதால்தானே எல்லாம் கெட்டது, இல்லை வேறு யாராவது காரணமா என்று கேட்டார். டிரம்ஸ்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘நாங்கள்தான் வேகம் தவறினோம்’ என்று நான் சொன்னால் போதும். காதைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டியதில்லை. இது எனக்கு அங்கேயே தோன்றியது. தோன்றியதோடு நிறுத்திக்கொண்டேன். மற்ற மூவரும் தலைவரைப் பின்பற்றினார்கள். மேனேஜர் அவரை மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில், அவரை இழந்ததால் நாங்கள் நால்வரும் எப்படி நொந்து போயிருக்கிறோம் என்று பகிர்ந்துகொண்டோம். பாடகி அழுதார், சுருதி விலகாமல். டிரம்ஸ்காரரை அழைக்கவில்லை. அவரைப் பார்த்தால் எங்கள் மனம் இன்னும் புண்படும்.

பிறகு ஒருநாள் அவருடைய மனைவி போன் செய்தார். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“அண்ணே, மேனேஜர் கேட்டப்ப தப்பு எங்களோடதுன்னு உங்கள்ல ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இவரு இன்னைக்கு வேலைக்குப் போயிருப்பாரு. இப்ப குச்சியைத் தொடக்கூட மாட்டேங்குறாரு. உங்களை நம்பித்தானே அண்ணே சொன்னாரு?”

குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும் என்று பயிலரங்கில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்படியே கேட்டேன். அவர் போனை வைத்த பிறகும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் உறுப்பினர்கூட அல்லாத ஒரு பெண்மணி இவ்வளவு மனம் திறந்து பேசுகிறார் என்றால், அது அவையின் வெற்றி அல்லாமல் வேறென்ன? பிறர் மனத்தைத் திறக்க வைக்க வேண்டும், தன் வாயை மட்டும் திறக்கக் கூடாது. இந்த இரண்டு தகுதியும் ஒருங்கே வாய்த்த ஆள் லேசில் கிடைக்க மாட்டான் என்பதால், இந்த ஆண்டும் என்னையே தலைவராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.