பதினொன்றாம் தடையும் பதினாறு எம்.எம். கம்பியும்

திருவொற்றியூர்,
திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க அலெக்ஸாண்டர் அண்ணாச்சிக்கும் மதினிக்கும், சாத்தாங்காட்டில் இரும்புக்கடை வைத்திருக்கும் தம்பி வேதமாணிக்கம் எழுதிக்கொண்டது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உடன்குடியில் மழை உண்டா, மதினிக்கு முட்டுவலி தேவலையா என்றெல்லாம் நான் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

இது நீங்கள் ஆரம்பித்து வைத்தது, அண்ணாச்சி. ஜெனி பத்தாம் வகுப்பு தேறியபோது, "பிள்ளை என்ன கேட்டாலும் வாங்கிக் குடுடே" என்று போனில் சொன்னது நீங்கள். ஸ்கூட்டர் கேட்பாள் என்று நம்பி நானும் தலையாட்டினேன். அவள் குதிரை கேட்டாள். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த சுல்தான் வந்தது. அதற்குத் துணை வேண்டும் என்று முத்து என்ற பெட்டைக் குதிரையும் வந்தது. கடைக்குப் பின்னால் இருந்த பழைய குடோன் லாயமானது. கிரேன் கம்பிக்கட்டு இறக்குகிற இரைச்சலில் பழகியதால் சுல்தான் எந்தச் சத்தத்துக்கும் மிரளாது, சத்தமில்லாத இடத்தில்தான் மிரளும். நீங்கள் எனக்கென்று அனுப்பும் கருப்பட்டியில் பாதி அதன் வயிற்றுக்குத்தான் போகிறது. காலையில் என் சட்டைப் பையை மோந்து பார்க்காமல் அது ஓரடி எடுத்து வைக்காது. இதை மதினியிடம் சொல்ல வேண்டாம்.

இவள் போகிற போட்டியைச் சாதாரணக் குதிரைப் பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே குதிரையில் மூன்று நாள் பரீட்சை. முதல் நாள் ஆராதனையில் காணிக்கைப் பை எடுத்து வருகிறவரைப் போல அது அடக்கமாக நடக்க வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் கம்புகளைத் தட்டாமல் தாண்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாள்தான் எனக்கு எமன். அன்றைக்கு மேடு பள்ளம் எல்லாம் ஓடி, வழியில் வைத்திருக்கிற பெரிய பெரிய மரக்கட்டைகளைத் தாண்ட வேண்டும். தாண்டுவது குதிரை, மேலே உட்கார்ந்திருப்பது என் ஒரே மகள். நாலு வருஷமாக இந்த வீட்டில் இரண்டாம் நாளில் எனக்குச் சோறு இறங்கியதில்லை.

போன வாரம் மீஞ்சூருக்கு அப்பால் போட்டி. இதில் தேறினால்தான் தேசியப் போட்டிக்குப் போகலாம் என்பதால் அவளும் மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு உழைத்திருந்தாள். முதல் நாள் ஜனங்கள் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள், அந்த அமைதியில் சுல்தான் மிரண்டது. நம் கடை வெல்டர் சுடலைராஜ் வேலிக்கு வெளியே நின்று ஒரு கம்பியைச் சம்மட்டியால் தட்டிக்கொடுத்த பிறகுதான் சமாதானமானது. அப்படியும் ஜெனி நாலாவதாக வந்தாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் ஜெனி தடைகளை நடந்து பார்க்கப் போனாள், நானும் பின்னால் போனேன். பதினொன்றாவது தடையில் இரண்டு தூணுக்கு நடுவே தென்னைமரத் தண்டியில் ஒரு கட்டை. அதைத் தாங்குவது பக்கத்துக்கு ஒன்றாக விரல் தண்டியில் இரண்டு கம்பி. அவற்றையும் நடுவில் அரைத்து மெலிய வைத்திருந்தார்கள்! முப்பது வருஷமாக இரும்பு விற்கிறவனுக்குத் தெரியாதா? யாரோ காண்டிராக்டர் கையை வைத்துவிட்டான், கட்டை சரிந்து பிள்ளை கால் போய்விடும் என்று முடிவு கட்டினேன். ஜெனியிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. விடிந்ததும் விடியாததுமாக நானும் சுடலைராஜும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு உள்ளே போய், அந்தக் கம்பிகளை உருவிவிட்டு அசல் பதினாறு எம்.எம். கம்பி போட்டு வெல்டிங்கும் வைத்தோம். காவலாளி எங்களுக்கு வணக்கம் சொன்னான். பில்கூடப் போடவில்லை, அண்ணாச்சி.

போட்டி தொடங்கி, ஜெனியும் சுல்தானோடு ஓடக் கிளம்பிவிட்டாள். நான் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் ராயபுரத்து ரூபினாவிடம் பெருமை தாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ நைனா, இன்னா வேலை பண்ணிட்டே! குதிரை கால் கட்டையில மோதிச்சின்னா கம்பி ஒடைஞ்சி கட்டை கீழ வுழணும். வுழலேன்னா குதிரை பல்டி அடிச்சி பொண்ணு மேலயே வுழும். அது ஒடையறதுக்கோசரம் வச்சிகீற கம்பி!"

அவள் அதிகாரிகளிடம் ஓடினாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பதினொன்றாம் தடையைப் பார்த்து ஓடினேன். வேதத்துச் சங்கீதம் எதுவும் வாயில் வரவில்லை, "ஏசப்பா, கம்பி, ஏசப்பா, கம்பி" என்றுதான் வந்தது. அதற்குள் ஐந்து பிள்ளைகள் அந்தத் தடையைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஒரு குதிரை கால் தட்டியிருந்தாலும் அந்தத் தாய் தகப்பன் முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்? நான் கட்டைக்கு முன்னால் போய்க் கையை விரித்து நிற்கவும், மேட்டில் சுல்தான் தலை தெரியவும் சரியாக இருந்தது.

"அப்பா! தள்ளுங்கப்பா!"

"தள்ள மாட்டேன் ஜெனி! நான் கம்பிய மாத்திட்டேன்!"

சுல்தான் என்னைப் பார்த்தது. வேகத்தைக் குறைத்து, பக்கத்தில் வந்து நின்று, என் சட்டைப் பைக்குள் மூக்கை நுழைத்தது. கருப்பட்டி இருந்தது, தின்றது. வெளியாள் குறுக்கே வந்ததால் ஜெனி போட்டியை விட்டே நீக்கம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதிகாரிகள் என்னைத் திட்டிய திட்டை எழுதினால் தபால்காரர் இந்தக் கடிதத்தைத் தொட மாட்டார். போட்டியை நிறுத்தி, என் கம்பியை அறுத்து எடுத்து, பழைய மாதிரிக் கம்பியை மாட்டினார்கள். அடுத்து வந்த பெண்ணின் குதிரை முன்னங்கால் இரண்டும் கட்டையில் நேராக மோதியது. டப்பென்று கம்பி உடைந்து கட்டை விழுந்தது. குதிரை தடுமாறி நின்றது, அந்தப் பெண் புல்லில் உருண்டு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கிருந்து ஜெனி என்னோடு பேசவில்லை. அண்ணாச்சி, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து, "குதிரை போதும்ட்டி" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் பேச்சை அவள் தட்ட மாட்டாள். இரண்டு குதிரைகளையும் ஒருவர் கேட்டிருக்கிறார், சரி என்று சொல்லிவிட்டேன். அவள் என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, முழுசாக இருந்தால் போதும்.

மதினிக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் முட்டுகளையும் எங்கள் கழுத்துகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட தம்பி,
வேதமாணிக்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரம் ஜெனி கடைக்கு வந்தாள். அன்றைக்கு உடைந்த அந்தக் கம்பித் துண்டை மேசையில் வைத்தாள். "அடுத்த போட்டிக்கு நீங்களும் என்கூட நடந்து வாங்கப்பா. எது எவ்வளவு தாங்கும், எதுல உடையும்னு உங்களுக்குத்தான தெரியும்? ஒவ்வொரு கட்டையும் சரியா விழுமான்னு பார்த்துச் சொல்லுங்க. சொல்லணும், கை வைக்கக் கூடாது" என்றாள். நான் யோசிக்கும் முன்பே என் வாயிலிருந்து "வாரேம்மா" என்று வந்துவிட்டது. ஆகவே நீங்கள் வர வேண்டாம். குதிரை கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கருப்பட்டி மட்டும் வரட்டும், இந்தத் தடவை இரண்டு பங்கு. பயம் போகவில்லை, அண்ணாச்சி. இனி அவளோடு நடந்துகொண்டே பயப்படலாம், அவ்வளவுதான்.