படகேறல் என்னும் சொல் பிறந்த வரலாறு

செம்பவள நாட்டின் அகராதியில் ‘படகேறல்’ என்றொரு சொல் உண்டு. ஒரு பணியைக் கவனிப்போர் பெருகப் பெருக அப்பணி சிறுத்துப்போதல் என்பது அதன் பொருளாகும். அச்சொல் பிறந்த விதம் வருமாறு.

அந்நாட்டு ஆற்றில் பதின்மர் அமரும் படகு ஒன்று இருந்தது. இருளாண்டி என்பவன் அதனை ஓட்டிவந்தான். படகு தன்பாட்டுக்கு நன்றாக ஓடுவதை அறிந்த மன்னர் பெரிதும் கவலையுற்று, நெடுமதியாரைக் கண்காணிப்பாளராக நியமித்தார்.

எதனைக் கண்காணிக்கிறார்களோ அதன்மீதே அமர்ந்திருத்தல் அந்நாட்டு அதிகாரிகளின் மரபு. களஞ்சிய அதிகாரி நெற்குவியலின் உச்சியில் வீற்றிருந்தார். ஆகவே நெடுமதியார் படகில் அமர்ந்தார். வேலைப்பளு மிகுதி என்றெழுதி இரு துணைவரைப் பெற்றார். ஒரே பலகையில் அமர்ந்த அவ்விருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினர். அவற்றைக் கொண்டுசேர்க்க நால்வர் வந்தனர். குடைபிடிக்க இருவர் வந்தனர். இனிப் பயணிகள் கரையில் நின்றபடியே பயணம் செய்யலாம் என்று ஆணை பிறந்தது.

ஒரு காலை, சீனியம்மாள் தன் நிறைமாத மகளைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

“ஐயா, புள்ளைக்கு வலி எடுத்துருச்சு. மருத்துவச்சி அக்கரையில இருக்கா. யாராச்சும் எறங்கி எடம் குடுங்கய்யா!”

“அம்மையே, எங்களில் எவர் இறங்கினாலும் நிர்வாகம் நின்றுவிடும்.”

“படகே நின்னு ஒரு மாசமாச்சு. நிர்வாகம் எங்க ஓடுது?”

நெடுமதியார் பதவிப் பட்டியலை ஆராய்ந்தார். கடைசிப் பெயர் இருளாண்டியுடையது.

“நீ இறங்கு.”

“துடுப்ப யாரு சாமி போடுறது?”

“அதற்குத் தனிக்குழு அமைப்போம்.”

“உத்தரவு சாமி.” இருளாண்டி துடுப்போடு இறங்கினான், சீனியம்மாளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மிகுந்த பணிவுடன் கயிற்றையும் அவிழ்த்துவிட்டான்.

வெள்ளம் ஒன்பது அதிகாரிகளையும் கீழ்நோக்கி இட்டுச்சென்றது. துணைவர் இருவரும் இதுபற்றி ஒருவருக்கொருவர் கடிதம் எழுதத் தொடங்கினர்.

கரையிலிருந்த வாழைகளை வெட்டிச் சாய்த்துத் தெப்பம் கட்டினான் இருளாண்டி. தாயும் மகளும் அக்கரை சேர்ந்தனர். உச்சிப்பொழுதுக்குள் பெண்குழந்தை பிறந்தது. ஊரே மகிழ்ந்தது, செய்தி அரண்மனைக்கும் எட்டியது.

மறுநாள் விடியலில் இருளாண்டி துறைக்கு வந்தான். தெப்பத்தின் நடுவில் புதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

“சற்றுத் தள்ளி நில்லப்பா,” என்றார் அவர். “என் துணைவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.”