அப்பாவின் வெள்ளிக் கோப்பையை உடனே அனுப்பவும்

லாரன்ஸ்பர்க், கென்டக்கி
டெர்பி குதிரைப் பந்தயம் முடிந்த திங்கட்கிழமை

அன்புள்ள அக்கா ஐடெல்லாவுக்கு,

உன் தம்பி ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் மேக்ஸீனும் கொல்லைப்புறத்துப் புதினாவும் சுகம். ஆற்றைத் தாண்டி ஒஹையோவுக்குக் குடிபோனாலும் நீயும் கிளைட் அத்தானும் அங்கே ஏதோ சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஈஸ்டர் விருந்தன்று நான் விஸ்கியில் புதினா போட்டுக் கலந்து கொடுத்த ஜூலெப்பை ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைப் பூந்தொட்டியில் ஊற்றினாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா குதிரைக் கண்காட்சியில் ஜெயித்த வெள்ளிக் கோப்பையை நான் கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "நம்ம குடும்பத்துல இல்லாத ஒரு யோக்கியமான ஆளு, நீ கலந்தத குடிச்சுட்டு, இந்த மாதிரி என் வாழ்நாள்ல குடிச்சதே இல்லன்னு சொல்லட்டும்டா. கோப்பை உன்னுது" என்றாய். அத்தனை பேரும் கேட்டார்கள். அக்கா, அந்த ஆள் சொல்லிவிட்டார்!

சனிக்கிழமை மத்தியானம், குதிரைகள் ஓட இன்னும் நேரம் இருந்தது. மேக்ஸீன் டெர்பித் தொப்பியை மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மகரந்தக் காற்றில் எனக்கு மூக்கு அடைத்து, புதினா வாசமும் தெரியவில்லை, போர்பன் விஸ்கி வாசமும் தெரியவில்லை. அதனால் என்ன, கைக்குத் தெரியுமே! ஐஸ் பனி மாதிரி பொடியாக வேண்டும் என்று, நீ எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பூவேலை போட்ட தலையணை உறையில் ஐஸைக் கட்டி, வேலிக்கம்பு அடிக்கிற சம்மட்டியால் பின்வாசல் படியில் வைத்து அடித்தேன். ஐஸ் பொடிந்தது, உறை கிழிந்தது, படியிலும் ஒரு மூலை பெயர்ந்தது. புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரே தட்டு, சர்க்கரைப் பாகு, டெர்பிக்கென்றே எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு வருஷத்துப் போர்பன், மேலே குவித்து ஐஸ். வெள்ளிக் கோப்பை உன் அலமாரியில் தூங்குவதால் அலுமினிய டம்ளரில்தான் கலந்தேன். அதிலேயே வெளிப்புறம் வெள்ளை வெளேரென்று உறைபனி பூத்தது.

இரண்டு டம்ளர் உள்ளே போனதும் எனக்கு முழங்கால் தளர்ந்துவிட்டது. டிவியில் பந்தயத்துக்கு முன் நம் கென்டக்கிப் பாட்டைப் போட்டபோது எழுந்து நின்று கூடவே பாடி அழுதேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அப்போது பார்த்தா வர வேண்டும், பக்கத்து வீட்டு பாப்டிஸ்ட் போதகர் பர்செல்! ஞாயிற்றுக்கிழமைக்கு, குடியின் கேட்டைப் பற்றிப் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தாராம்.

"பிரதர் ஆர்வில், வீட்டையே இடிக்கிறீங்களா? ஒரு வரி எழுத முடியலையே!" என்று கேட்டுக்கொண்டே, நான் தடுப்பதற்குள் மூன்றாவது டம்ளரை எடுத்துவிட்டார். விளிம்பைப் பிடித்துத்தான் எடுத்தார், உறைபனி கலையவில்லை. என்ன இருந்தாலும் கென்டக்கிக்காரர். மடமடவென்று குடித்தார். 

"அடேயப்பா! ஐஸ் டீயா இது? என் வாழ்நாள்ல இந்த மாதிரி குடிச்சதே இல்ல பிரதர்!"

உண்மையை எப்படிச் சொல்வேன்? மேக்ஸீனோ தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு, "இன்னொண்ணு குடுங்களேன், பாவம், வெயில்ல வந்திருக்காரு" என்கிறாள். குடித்தார். நேராக நடந்தே வீட்டுக்குப் போனார். என்ன உடம்பு அது!

நேற்று சபையில் பிரசங்கம் முடிந்ததும், "அடுத்த வாரம் சபை விருந்துக்கு பிரதர் ஆர்வில் தன் கையால் டீ தருவார்" என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பயத்தில் வியர்த்தாலும், அக்கா, என் நெஞ்சு எப்படி விம்மியது தெரியுமா! நம் ஸ்டாம்பர் குடும்பத்தில் இப்படி ஒரு கை இன்னொருவருக்கு உண்டா? சாட்சிக்கு மட்டும் அவரை இழுக்காதே. விஷயம் தெரிந்தால் அந்த மனிதரின் பிழைப்பே போய்விடும். என் வார்த்தையை நம்பிக் கோப்பையை அனுப்பு.

உன் வீட்டில் ஐஸுக்கும் சிரிப்புக்கும் என்றும் குறைவில்லாமல் இருக்கட்டும். அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

உன் வெற்றிபெற்ற தம்பி,
ஆர்வில்

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுவதற்கு முன் இதை மேக்ஸீனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. "ஏங்க, ஈஸ்டரன்னிக்கு நாம எல்லாரும் தோட்டத்துல பிள்ளைங்களுக்கு ஒளிச்சு வச்ச முட்டைய தேடிட்டு இருந்தப்போ, உங்க அத்தான் உள்ள உக்காந்து நீங்க டெர்பிக்கு வச்சிருந்த பாட்டில காலி பண்ணிட்டாருங்க. சனிக்கிழமை காலைலதான் பார்த்தேன். டெர்பியும் அதுவுமா நீங்க ஒஹையோவுக்குச் சண்டைக்குக் கிளம்பிடுவீங்களேன்னு டீயக் காய்ச்சி அதுல ஊத்தி வச்சேன்" என்கிறாள். ஆக, போதகர் குடித்தது டீ. நான் முழங்கால் தளர்ந்து அழுததும் டீயில்தான். இருக்கட்டும். "நீ கலந்தது" என்றுதான் சொன்னாயே தவிர, உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. போதகரும் இனி பைபிள் மேல் கைவைத்தே சாட்சி சொல்வார். கோப்பையை அத்தான் கையிலேயே கொடுத்தனுப்பு. வரும்போது ஒரு பாட்டிலும் வாங்கிவரச் சொல். இப்போதுதான் எனக்கு நிஜமாகவே ஒரு வாய் தேவைப்படுகிறது.