ப்யூஸ் கட்டையும் போவன்பள்ளி வெங்காயமும்

இனி வயரைப் பல்லால் உரிப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். காரணம் கொள்கை இல்லை, பல்தான். போன தீபாவளிக்கு சீரியல் செட் கட்டுகிறேன் என்று வயரைக் கடித்து இழுத்ததில் என் முன்பல்லில் ஒரு மூலை பறந்துவிட்டது. அன்றிலிருந்து 'ச' வரும் இடமெல்லாம் எனக்கு விசில் வருகிறது. பாங்கில் நான் "சேவிங்ஸ் செக்ஷன்" என்று சொன்னால் வாசலில் இருக்கிற செக்யூரிட்டி ஓடி வருகிறார்.

செகந்திராபாத் போய் நல்ல வயர் ஸ்ட்ரிப்பர் ஒன்று வாங்கினேன். சிவப்புப் பிடி, அட்டை டப்பா, கூடவே எப்படி உபயோகிப்பது என்று ஒரு தாள். பக்தவத்சலம் இனி முறைப்படிதான் வேலை செய்வான்!

ஆனால் இந்த இரண்டாம் சனிக்கிழமை அதைக் கையில் எடுத்ததற்கு வேறு காரணம் உண்டு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

எங்கள் மெட்டுகுடா சந்தில் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து, மாதாமாதம் பாங்க் லீவான இரண்டாம் சனிக்கிழமையில், போவன்பள்ளி மொத்த மார்க்கெட்டுக்குப் போவார்கள். மூட்டையாக வெங்காயம் வாங்கி வந்து பங்கு போடுவார்கள். வீடு நாலு, முதுகு ஒன்று. அது என் முதுகு. மற்ற கணவர்களில் ஒருவர் துபாயில். ஒருவருக்கு எப்போதும் ரயில்வே டியூட்டி. எதிர்வீட்டு சந்திரமோகனுக்கு டிஸ்க் பிரச்சினை. டாக்டர் கொடுத்த சர்டிபிகேட்டை ப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். மார்க்கெட்டில் மூட்டை தூக்க ஹமாலிகள் இல்லாமல் இல்லை. சொந்த ஹமாலி இருக்கும்போது வெளி ஹமாலி எதற்கு என்பது என் மனைவி கனகவல்லியின் கருத்து.

இந்தத் தடவை காலை பத்து மணிக்கு கிரிக்கெட் ஃபைனல். பார்த்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். மூட்டையா, மேட்சா? இந்த முறை மேட்ச்தான்!

"என்னங்க, ஆட்டோ வந்தாச்சு. சட்டையைப் போடுங்க."

"நான் வர முடியாது கனகு. மிக்ஸி ப்ளக் பாயின்ட் கருகிக் கெடக்கு. இன்னிக்கு மாத்தியே ஆகணும்."

"ஆறு மாசமா கருகிக் கெடக்கு. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுதா?"

"பாதுகாப்பு விஷயத்துல நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது."

"சூசைராஜுக்கு போன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டுப் போறார்."

"நக்கோ, வேணவே வேணாம்! அந்த எலக்ட்ரீஷியனும் வயரைப் பல்லால உரிக்கிற ஆளு. நான் முறைப்படி செய்யப் போறேன். இந்தத் தாளைக் கேளு."

கனகவல்லி இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் டப்பாவைத் திறந்து, தாளை விரித்து, செய்தி வாசிப்பவர் குரலில் ஆரம்பித்தேன்.

"ஒண்ணு. மெயினை ஆஃப் பண்ணி, ப்யூஸ் கட்டையை உருவணும். உருவினதை வேலை செய்யறவன் தன் பாக்கெட்லயே வச்சுக்கணும். இல்லேன்னா தெரியாம எவனாவது வந்து சொருகிடுவான், நான் போய்ச் சேர்ந்துடுவேன்."

"லுங்கியில ஏது பாக்கெட்?"

இதை நான் யோசிக்கவில்லை. மெயினை அணைத்து உருவியிருந்த பீங்கான் கட்டை என் கையிலேயே இருந்தது.

"இப்படிக் குடுங்க, நான் பத்திரமா வைக்கிறேன். மேல படிங்க."

கொடுத்தேன். கல்யாணமான நாளாக அவள் 'குடுங்க' என்றால் என் கை தானாகவே நீளும்.

"ரெண்டு. பிடியில ரப்பர் இருக்கேன்னு நம்பக் கூடாது. டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டுத்தான் வயரைத் தொடணும். மூணு. வயரோட தடிமனுக்குத் தகுந்த பள்ளத்துல வச்சு உரிக்கணும். சின்னதுல வச்சா உள்ள இருக்கிற செம்புக் கம்பி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட இடம் சூடாகும், மறுபடி கருகும்."

"கடைசியா என்ன போட்டிருக்கு?"

"வேலை முடிஞ்சதும் கருவியைத் துடைச்சு, அதோட டப்பாவிலேயே வைக்கணும்."

"இத்தனையும் அப்படியே செய்வீங்களா?"

"ஒரு எழுத்து பிசகாது!"

"ஹவ்வா, அப்படியா? அப்ப சரி, செய்ங்க."

சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் தாளை மடித்து டப்பாவில் போட்டுவிட்டு, ஸ்ட்ரிப்பரோடு ஸ்விட்ச் போர்டு பக்கம் திரும்பினேன். கனகவல்லி டப்பாவை மூடி அலமாரியில் ஏற்றினாள். மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் நான் செய்த வேலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டெஸ்டர் நன்றாக எரிகிறதா என்று மெயினை அணைப்பதற்கு முன்பே சோதித்து வைத்திருந்தேன். இப்போது ஒவ்வொரு வயரிலும் வைத்தேன், எரியவில்லை. கருகிய நுனிகளை வெட்டினேன். ஒரு பழைய துண்டு வயரில் ஒத்திகை பார்த்து, சரியான பள்ளத்தைக் கண்டுபிடித்தேன். மெல்ல அழுத்தி இழுத்தேன். மேல் உறை மட்டும் முழுசாகக் கழன்று வந்தது. ஒரு இழைகூட அறுபடவில்லை! முறுக்கி, புதுப் பாயின்ட்டில் சொருகி, திருகை இறுக்கி, இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மணி பத்தடிக்க ஐந்து நிமிஷம். ஸ்ட்ரிப்பரை சமையல் மேடையில் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடினேன். சந்திரமோகன் முறுக்கு டப்பாவோடு சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவன் வீட்டு டீவி ரிப்பேரில் இருந்தது.

"போடுங்க வத்சலம் சார், டாஸ் முடிஞ்சிருக்கும்."

ரிமோட்டை அமுக்கினேன். டீவி வரவில்லை. அப்போதுதான் ப்யூஸ் கட்டை நினைவுக்கு வந்தது. அடப்பாவி!

பூஜை அலமாரியைப் பார்த்தேன். அரிசி டிரம்மைத் துழாவினேன். தலையணைகளை உதறினேன். எங்கேயும் இல்லை. செல்போனில் மூன்று பர்சென்ட் சார்ஜ் இருந்தது. அதில் அவளைக் கூப்பிட்டேன்.

"கனகு! ப்யூஸ் கட்டை எங்க?"

"பத்திரமா இருக்குங்க. வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது! எங்கடீ?"

"நீங்க படிச்சீங்கல்ல, அந்தத் தாளுல..."

போன் அணைந்துவிட்டது. சந்திரமோகனின் போனை அவன் மனைவி மார்க்கெட்டுக்கு எடுத்துப் போயிருந்தாள். தாளில் என்ன இருக்கிறது? 'பாக்கெட்லயே வச்சுக்கணும்' என்று இருக்கிறது. அப்படியானால் அவள் கைப்பையில் இருக்கிறது. அதாவது, போவன்பள்ளியில்.

"கைக்கு டென்ஷன், எதுக்குங்கறேன்?" என்றான் சந்திரமோகன். "ஒரு துண்டு கம்பியை வளைச்சு ப்யூஸ் இடத்துல சொருகுங்க. நம்மூர்ல எல்லாரும் செய்யறதுதானே?"

"யோவ், வீடு எரிஞ்சா மேட்சை எங்க உட்கார்ந்து பார்ப்பே? நான் முறைப்படி செய்யறவன்!"

லுங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு பேன்ட் மாட்டினேன். இப்போது எனக்கு இரண்டு பாக்கெட் இருந்தன. வாசலில் கிடைத்த ஆட்டோவில் பாய்ந்து ஏறினேன். கட்டையை வாங்கிக்கொண்டு அரைமணியில் திரும்பிவிடுவது, இரண்டாவது பாதியையாவது பார்த்தே தீருவது என்று பல்லைக் கடித்தேன். மிச்சமிருந்த பல்லை.

மார்க்கெட் வாசலில் இரண்டு மூட்டை வெங்காயத்தின் மேல் நாலு பெண்களும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவதாக ஒரு டீ மூடி வைத்திருந்தது.

"பத்தரைக்கே வருவீங்கன்னு நெனச்சேன்," என்றாள் கனகவல்லி. "டீ ஆறிடுச்சு."

"கட்டையைக் குடு."

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். மொதல்ல மூட்டையைத் தூக்குங்க, ஆட்டோக்காரர் கத்தறார்."

தூக்கினேன். இரண்டையும் ஏற்றினேன், சந்து முனையில் இரண்டையும் இறக்கினேன், பிரித்து நாலு வீட்டுக்கும் சுமந்தேன். சந்திரமோகனின் பங்கை அவன் சர்டிபிகேட்டுக்கு நேர் கீழே இறக்கி வைத்தேன். கடைசியாக என் வீட்டு வாசலில் முதுகை நிமிர்த்த முடியாமல், குனிந்தபடியே கையை நீட்டினேன்.

"இப்பவாவது குடு. கைப்பையைத் தொற."

"என் பையில ஏது? அது காலையிலேர்ந்து வீட்டுலதான் இருக்கு."

"வீடு பூரா தேடினேனே!"

கனகவல்லி சமையல் மேடையைப் பார்த்தாள். அங்கே என் ஸ்ட்ரிப்பர், நான் போட்டபடியே கிடந்தது. அவள் அலமாரியிலிருந்து அதன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். மடித்த தாளின் மேல், வெள்ளை வெளேரென்று, ப்யூஸ் கட்டை.

"வேலை முடிஞ்சதும் ஸ்ட்ரிப்பரை டப்பாவில வச்சிருந்தீங்கன்னா, பத்து மணிக்கே கரண்ட் வந்திருக்குமேங்க!"