சுப்பராமன் வீட்டுத் தோள்

நாலாவது பர்ப்பியில் சுப்பராமன் தரையோடு தங்கிவிட்டார்.

குனிவது, கால்களைப் பின்னால் வீசுவது, மார்பைத் தரையில் வைப்பது, எழுந்து குதிப்பது. இவை எல்லாம் சேர்ந்ததற்குப் பெயர் பர்ப்பி. முதல் மூன்றையும் அவர் முறையாக முடித்திருந்தார். எழுந்து குதிப்பதுதான் பாக்கி.

அடையாறில் இரண்டாவது மாடியில் இருந்த உடற்பயிற்சிக் கூடம் அது. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் பாட்டுச் சத்தத்துக்கு ஏற்பக் குதித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்கும் தீபிகா, இருபத்தாறு வயதுப் பெண், அவர் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

“அங்கிள், ஓகேவா?”

“யோசிச்சிண்டிருக்கேன்,” என்றார் சுப்பராமன், கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமல்.

தலைமைச் செயலகத்தில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தேழு. கீழே விழுந்ததை ஒப்புக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

குடும்பம் என்றால் சாதாரணக் குடும்பம் இல்லை. மயிலாப்பூரில் அவர்கள் தெருக்கோடியில் இருக்கும் சிவன் கோயிலில், பங்குனித் திருவிழாவின் ஐந்தாம் நாள் சாயங்காலம் சுவாமி ரிஷப வாகனத்தில் புறப்படுவார். வாகனத்தைத் தூக்க இருபத்துநான்கு பேர். எல்லோரும் தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்கு வருகிறவர்கள். ஆனால் முன் தண்டின் வலது முனை மட்டும் சுப்பராமன் வீட்டுத் தோளுக்கு உரியது. அந்தத் தேக்குத் தண்டுகளைக் கோயிலுக்குச் செய்து கொடுத்தவர் அவருடைய தாத்தா. அதற்காகக் கிடைத்த மரியாதை. தாத்தாவுக்குப் பின் அப்பா. அப்பாவுக்குப் பின் முப்பத்தொரு வருடமாகச் சுப்பராமன். கிழக்கு வீதி முழுவதும் தோள் கொடுப்பார். வீதி முடிந்ததும் வேறொருவர் மாற்றிக்கொள்ள, சுவாமிக்கு முன் இவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் வருடந்தோறும் தோள் கொடுக்க வேண்டும். ஒரு வருடம் தவறினாலும் அந்த இடம் பொதுவாகிவிடும்.

போன வருடம் வேகத்தடையில் சுப்பராமனின் கால் இடறியது. வாகனம் அசையவில்லை, அவர்தான் அசைந்தார். தெருவே பார்த்தது.

மார்கழியில் விழாக் குழுத் தலைவர் நல்லசிவம் வீட்டுக்கே வந்துவிட்டார். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மிகுந்த பணிவோடு பேசினார்.

“சாமி, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்? நம்ம பையன் வெங்கடேஷ் இருக்காம்லா. தெனமும் ஜிம்முக்குப் போறவன், உடம்ப இரும்பு மாதிரி வச்சிருக்கான். அவன் தூக்கட்டும். பரிவட்டத்த உங்களுக்கே கட்டிருவோம்.”

சுப்பராமன் எழுந்து நின்றார்.

“சுவாமியைத் தூக்கறவாளுக்குத்தான் பரிவட்டம். கூட நடந்து வரவாளுக்கு இல்லை.”

சொல்லிவிட்டார். ஆனால் தோளுக்கு எங்கே போவது? ஒரே பையன் அச்யுத் திருவான்மியூரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகில் தட்டு விலகி, தண்ணீர் கேன்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் இருந்தது ஒரே தோள். அதைத்தான் மூன்று மாதத்தில் தேற்ற வேண்டும்.

செயலகத்தில் பழகியவர் ஆகையால் முதலில் ஒரு கோப்பு திறந்தார். நடைப்பயிற்சி உடனே தள்ளுபடியானது. பூங்காவில் இருபது வருடம் நடந்ததில் அவருக்குச் சேர்ந்தது நண்பர்கள் மட்டுமே. யோகாசனத்துக்குப் பொறுமை வேண்டும், பங்குனி பொறுக்காது. கடைசியில், இந்தக் காலத்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து செய்யும் தீவிரப் பயிற்சிகளின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. டபாட்டா என்ற தலைப்பில் இப்படிக் குறித்தார்: இருபது விநாடி கடும் உழைப்பு, பத்து விநாடி ஓய்வு, மொத்தம் நான்கே நிமிடம். நன்மை: செய்தித்தாள் வருவதற்குள் முடிந்துவிடும். தீமை: ஓய்வு நேரத்தில் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுக்க முடியாது.

வீட்டுக் கூடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்போன் போட்ட உத்தரவுக்குக் குதித்துப் பார்த்தார். நான்காம் நாள், கீழ் வீட்டில் வீணை சொல்லித் தரும் தேவானை மேலே வந்தாள். மாமா ஆத்துல காலம்பற என்ன தாளம் போடறா என்று மரியாதையாகக் கேட்டாள். அவளிடம் படிக்கும் குழந்தைகள் எல்லாம் ஆதி தாளத்தை விட்டுவிட்டு அதற்கே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

வீட்டு மானம் கீழ் வீட்டு விட்டத்தில் ஆடக்கூடாது என்றுதான் அடையாறுக் கூடத்தில் போய்ச் சேர்ந்தார். அங்கே வேட்டிக்கு அனுமதி இல்லை. ஆகவே கால்சட்டையின் மேல் வேட்டி கட்டிக்கொண்டு போய், வாசலில் அவிழ்த்து மடித்துப் பையில் வைத்து, திரும்பும்போது மறுபடி கட்டிக்கொண்டு வந்தார். சேர்ந்த அன்றே தீபிகாவிடம் தன் தேவையைத் தெளிவாகச் சொன்னார்.

“எனக்கு வயித்துல கட்டம் கட்டமா வேண்டாம். மார்பும் வேண்டாம். வலது தோள் மட்டும் போதும்.”

“ஒரு தோளுக்கு மட்டும் பேக்கேஜ் இல்ல அங்கிள்,” என்றாள் தீபிகா.

அந்த நாலாவது பர்ப்பியில் தொடை பிடித்துக்கொண்டது. தோளைத் தேற்றப் போனவர் காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினார். இரண்டு வாரம் நடையே கோணல். அந்தக் கோணலைத் தெருவில் நின்று நல்லசிவம் பார்த்தார் என்பது தொடைவலியைவிட அதிகம் வலித்தது.

தீபிகா குதிக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டு வழியை மாற்றினாள். கம்பியில் தொங்க வைத்தாள். எடையைத் தரையிலிருந்து தூக்க வைத்தாள். சனிக்கிழமைகளில் விடிந்ததும் திருவான்மியூர் கடற்கரைக்கு வரச்சொல்லி, மணல் மூட்டையைத் தோளில் ஏற்றி நடக்க வைத்தாள். “முதுகு அங்கிள், முதுகு,” என்பதைத் தவிர அவள் அதிகம் பேசவில்லை. இருபது நிமிடத்தில் எத்தனை சுற்று முடியுமோ அத்தனை என்று ஒரு முறையும் இருந்தது. அதைப் பற்றிக் கோப்பில் எழுதினார். நன்மை: எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். தீமை: பக்கத்தில் இருப்பவன் நிறுத்தமாட்டான்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, மூட்டையோடு அவர் நடப்பதைத் தீபிகா படம் பிடித்து, ‘அறுபத்தேழில் இருபத்தேழு’ என்று எழுதி வெளியிட்டாள். மறுநாள் காலை அது கோயிலின் வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. படத்தில் சுப்பராமன் அரைக்கால் சட்டை அணிந்திருந்தார்.

அவர் மனைவி நீரஜா செல்போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏன்னா, உங்க முழங்காலை நான் பார்த்தே இருபது வருஷமாச்சு. இன்னிக்குத் தெருவே பார்த்துடுத்து.”

மானத்தைக் காப்பாற்றியாக வேண்டும். இது வீண் பகட்டு அல்ல, சுவாமி கைங்கரியத்துக்கான ஆயத்தம் என்று குழுவில் ஒரு நீண்ட விளக்கம் எழுதினார். அதற்கு நல்லசிவம் பதில் போட்டார். இவ்வளவு பலம் உள்ளவர் கிழக்கு வீதியோடு நிறுத்திக்கொள்ளலாமா, இந்த வருடம் நான்கு வீதியும் ஐயாவே தோள் கொடுக்கட்டும் என்று கேட்டு, மூன்று கும்பிடு வைத்திருந்தார். கீழே வரிசையாக நாற்பது பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

கண்ணாடி கிடைக்கவில்லை, படிக்கவில்லை என்று இருந்திருக்கலாம். சுப்பராமன் ‘சரி’ என்று எழுதி அனுப்பினார்.

அதற்குப் பின் காலை மாலை இரண்டு வேளையும் பயிற்சி. மாசி முடிந்தது. கண்ணாடி முன் நின்று வலது கையை மடக்கிப் பார்த்தார். எதுவும் திரளவில்லை. அந்தக் கை முன்பு எப்படிக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டதோ அப்படியேதான் இருந்தது. மாற்றம் ஒன்றே ஒன்று, குனிந்தே பழகிய முதுகு நிமிர்ந்துவிட்டது. அதுவும் கெட்ட பெயரைத்தான் கொண்டுவந்தது. அவருக்குத் திமிர் வந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். அர்ச்சகர், தம்மிடம் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டுவிட்டார்.

நீரஜாவும் சொன்னாள். “ஏன் இப்படி விறைச்சுண்டு நடக்கறேள்? நான் என்ன பண்ணினேன்?”

ஐந்தாம் திருநாள் வந்தது. பஞ்சகச்சம், நெற்றி நிறைய விபூதி, தோளில் நான்காக மடித்த பட்டுத் துண்டு. சுப்பராமன் முன் தண்டின் வலது முனையில் போய் நின்றார். அவருக்கு நேர் பின்னால், எப்போதும் போல ஏகாம்பரம். அவனுக்கு ஐம்பது வயது. அவன் அப்பாவும் அதே இடத்தில் நின்று தூக்கியவர். சுப்பராமனுக்குப் பக்கவாட்டில் நல்லசிவத்தின் மகன் வெங்கடேஷ், ஒரு துண்டை மடித்துத் தயாராகத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

சங்கு ஊதியது. இருபத்துநான்கு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள்.

சுப்பராமனுக்குக் கண் இருட்டியது. தண்டு தோளில் இறங்கிய வேகத்தில், தேக்கு மரமே வேரோடு வந்து உட்கார்ந்தது போல இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் இப்படி இருந்ததில்லை. சுவாமி பூவைப் போல அல்லவா வருவார்? தாத்தாவுக்கும் அப்படித்தான், அப்பாவுக்கும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள். எழுபது நாள் டபாட்டாவும் மணல் மூட்டையும் இருந்த பலத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டன என்று அவருக்குப் புரிந்துபோயிற்று.

கிழக்கு வீதி முடிந்தபோது வெங்கடேஷ் நெருங்கி வந்தான். கெட்ட பையன் இல்லை. உண்மையான கவலையோடுதான் கேட்டான்.

“மாமா, முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. மாத்திக்கலாமா?”

சுப்பராமன் தலையை ஆட்டவில்லை. ஆட்டினால் கீழே விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. நேரே பார்த்தபடி நடந்தார்.

தெற்கு வீதியில் தோள் எரிந்தது. மேற்கு வீதியில் எரிச்சல் நின்று மரத்துப்போனது. போன வருடம் கிழக்கு வீதியில் இடறியதைப் போலவே ஒரு வேகத்தடை வடக்கு வீதியிலும் வந்தது. வாசல்களில் நின்ற பெண்கள் கற்பூரத் தட்டோடு பேச்சை நிறுத்தினார்கள். சுப்பராமன் பல்லைக் கடித்து, முதுகை நிமிர்த்தி, காலைத் தூக்கி வைத்தார். அந்தப் பக்கம் இறங்கியும்விட்டார். நல்லசிவமே ஓடி வந்து விசிறினார்.

நான்கு வீதியும் சுற்றி வந்து வாகனத்தை இறக்கியபோது கூட்டம் ஹரஹர என்றது. பரிவட்டம் கட்டினார்கள். நல்லசிவம் எல்லோர் முன்னிலையிலும் கைகூப்பி, “சாமி, ஒங்க வீட்டு எடத்த இனிமே யாரும் கேக்கமாட்டாங்க,” என்றார். நீரஜா கூட்டத்துக்கு நடுவில் நின்று, யாரும் பார்க்காதபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் பிரசாதத்துக்குப் போனபின் சுப்பராமன் மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். பட்டுத் துண்டை விலக்கினால் தோள் ரத்தம் கட்டிக் கன்றிப் போயிருந்தது. இப்படி ஒரு அடையாளம் அந்தத் தோளில் வருவது அதுவே முதல் தடவை. பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்திடம் மட்டும் மனத்தில் இருந்ததைச் சொன்னார்.

“எல்லார்ட்டயும் பேர் வாங்கிட்டேன், சரி. ஆனா உங்கிட்ட சொல்றதுக்கு என்ன. இந்தத் தீவிரப் பயிற்சியெல்லாம் சுத்த ஏமாத்து. முப்பத்தொரு வருஷம் பூ மாதிரி வந்த சுவாமி, மூணு மாசம் பயிற்சி பண்ணினப்பறம் மலையா கனக்கறார். இருந்த பலமும் போயிடுத்து.”

ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்து, அந்தக் கன்றிய தோளைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தான்.

“அப்டி இல்ல மாமா. வருசா வருசம் நீங்க பயபக்தியா குனிஞ்சிக்கினு வருவீங்க, தண்டு உங்க துண்டு மேல சும்மா ஒரசிக்கினு போவும். உங்க அப்பாரும் தாத்தாவும் அதே மாதிரிதான்னு எங்க நைனா சொல்லும். உங்க வூட்லேர்ந்து ஒருத்தரு சாமியத் தூக்குனது இன்னிக்குத்தான்.”