கோடிப் பேரை மேய்த்த சாணி மாஸ்டர்

திருப்பூரில் பனியன் தைத்துப் பிழைத்தவர் உண்டு, நூல் விற்றுப் பிழைத்தவர் உண்டு, சாயம் போட்டே மாடிமேல் மாடி கட்டியவரும் உண்டு. ஆனால் கண்ணுக்கே தெரியாத ஜீவன்களை மேய்த்துச் சம்பளம் வாங்கியவர் ஒருவர்தான். ஊரில் என்ன, உலகத்திலேயே ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

எங்கள் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், டையிங் மாஸ்டர் எல்லாரும் உண்டு. இவர் சாணி மாஸ்டர். சாயக்கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் தொட்டி இவர் ராஜ்ஜியம். அதற்குள் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அவைதான். சாணியும் வெல்லமும் கரைத்து ஊற்றி அவற்றை வளர்த்ததால் இவருக்கு அந்தப் பட்டம்.

காலையில் வந்ததும் தொட்டியை மோந்து பார்ப்பார். "இன்னைக்குப் புள்ளைகளுக்கு வகுறு செரியில்லீங்க," என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயப்பட்டறை ஓடாது, கழிவும் வராது. அன்றைக்கு வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றுவார். "லீவு நமக்குத்தானுங்க. வகுத்துக்கு ஏதுங்க லீவு?"

ஆயுத பூஜைக்கு வந்த பூசாரி தொட்டி மேல் குங்குமத்தைத் தூவப் போனபோது மாஸ்டர் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டார். ஐரோப்பாவில் சில சாயங்களுக்குத் தடை போட்டிருந்த காலம் அது. "சாமி, இதுல என்ன சாயம் கலந்துருக்குதோ! சர்ட்டிபிகேட் இருக்குதுங்களா?" பூசாரி தட்டோடு கேன்டீன் பக்கம் போய்விட்டார்.

எனக்கு, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் எழுதும் வேலை. அந்த வருஷம் பெரிய பையர் ஒருவர் புது நிபந்தனை போட்டார். எங்கள் நாட்டுக் கடையில் விற்கும் சட்டைக்காக உங்கள் ஊர் ஆறு கெடக்கூடாது, தொட்டியைப் பார்த்த பிறகுதான் ஆர்டர் என்றார். முதலாளிக்கு வந்ததே கோபம்! "சட்டைய வாங்குனமா, போட்டமான்னு இருக்கோணும். நம்மூருத் தண்ணியப் பத்தி அவனுக்கு என்ன வந்துச்சு?"

சாணி மாஸ்டர் மட்டும் சிரித்தார். "நம்மூருத் தண்ணியப் பத்திக் கேக்க ஒருத்தனாச்சும் வந்தானேன்னு சந்தோசப்படுங்க மொதலாளி."

அந்த ஆர்டர் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குத் திரும்ப வேண்டியதுதான். பள்ளி திறக்கும் சமயம் வேறு. "பாப்பாவ எந்த ஊருப் பள்ளிக்கூடத்துலதான் சேக்கப் போறிய?" என்று மனைவி தினமும் கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

பையர் சார்பில் ஆய்வுக்கு வெளிநாட்டு அம்மணி ஒருவர் வருவதற்கு முந்தின நாள் மாஸ்டர் மடத்துக்குளம் போயிருந்தார். தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் போகாமல் முடியுமா? முதலாளி தொட்டிப் பக்கம் வந்தார். டிகாஷன் நிறத்தில் தண்ணீர், அதற்கேற்ற வாசம். விருந்தாளி முன்னால் இப்படியா என்று அவருக்கு மானம் போயிற்று. திருப்பூரில் பிறந்தவருக்குச் சுத்தம் என்றால் வெளுப்பு. மூட்டை மூட்டையாகப் பிளீச்சிங் பவுடரைக் கொட்டச் சொன்னார். விடிந்தபோது தொட்டி நீச்சல் குளம்போல் பளிச்சென்று இருந்தது. நாங்கள் எல்லாரும் கை தட்டாத குறை.

அம்மணி தொட்டியருகே நிற்கும்போதுதான் மாஸ்டர் புது வேட்டியும் நெற்றிச் சந்தனமுமாக வந்து சேர்ந்தார். எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சுங்களே! அத்தனையும் போச்சுங்களே!"

என்ன விஷயம் என்று அம்மணி கேட்க, முதலாளி பின்னாலிருந்து என்னைக் கிள்ள, "அவர் குடும்பத்தில் துக்கம்" என்று இங்கிலீஷில் சமாளித்தேன். யார் இறந்தது என்று அவர் கேட்டார். மாஸ்டரிடம் கேட்டுச் சொல்லாமல் முடியவில்லை.

"எல்லாருந்தான் அம்மணி! ஒருத்தரும் பொழைக்கலீங்க!"

நான் அதைச் சொன்னதும், எத்தனை பேர் என்று அம்மணி பதறினார்.

"கோடிக்கணக்குல இருக்குமுங்க. எண்ண முடியுமுங்களா?"

அம்மணி முகம் வெளிறிப் போலீஸ், ஆம்புலன்ஸ் என்று ஆரம்பிக்கவும் உண்மையைக் கக்கிவிட்டேன். அவர் குனிந்து மோந்தார். நான் சொல்லாததையும் பிளீச்சிங் நெடி சொன்னது. செத்த தொட்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது, அடுத்த மாதம் வருகிறேன், உயிர் இருந்தால் ஆர்டர் என்றார்.

மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரூல் போடறது நாயமுங்க அம்மணி. நீங்க கேக்காட்டி இந்தத் தொட்டிய ஆரும் எட்டியே பாக்கமாட்டாங்க. ஆனா பனியன் வெலையப் பேசிப் பேசி அமுக்கிப்போட்டு, தண்ணியும் சுத்தமா வேணும்னா எப்படிங்க? புள்ளைக மூச்சு விடக் காத்தடிக்கற மெசினோட கரண்டுக்கு ஆருங்க குடுக்கறது? ஒரு சீசனுக்கு மட்டும் வாங்கிட்டுப் போயிட்டீங்கன்னா, அடுத்த சீசன்ல மெசின நிறுத்திப்போடுவாங்க. ரூலோட வெலையும் சேர்ந்து வரோணுமுங்க."

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவ்வளவு ருசித்து நான் இங்கிலீஷ் பேசியதே இல்லை. அவரை வேலையை விட்டே அனுப்பப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முதலாளி, "மாஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறுங்க!" என்றார்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொங்கலூர்த் தோட்டத்திலிருந்து சாணி, முதலாளியின் புதுக் காரில், ஏசி போட்டு வந்து இறங்கியது. மங்கலத்துச் சாயப்பட்டறைக்காரர் ஒருவருக்கும் முதலாளிக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் பட்டறைக்கே முதலாளி போய், "ஏனுங்க, உங்க தொட்டித் தண்ணி ஒரு பேரல் குடுங்க," என்று உறை மோர் கேட்பதுபோல் கேட்டு வாங்கி வந்தார். தொட்டி மெல்ல மெல்லப் பழுப்பேறியது. ஒரு நாள் காலை கேட்டருகே நின்று மூச்சை இழுத்த முதலாளி, "நாறுதுங்க! நல்லா நாறுதுங்க!" என்று வாட்ச்மேனைக் கட்டிக்கொண்டார்.

அம்மணி வந்தார், தண்ணீரைச் சோதித்தார், கையெழுத்துப் போட்டார். ஆர்டரும் வந்தது. ஒரு சீசனுக்கு அல்ல, வரிசையாகப் பல சீசனுக்கு. விலையும் கொஞ்சம் ஏற்றி. நான் ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன். வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்பறம் என்ன கண்ணு நிக்கறீங்க? போயிப் பாப்பாவப் பள்ளிக்கோடத்துல சேர்த்துப்போட்டு வாங்க."

என் வீட்டுக் கவலையை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். "திருநெல்வேலிப் பக்கமுங்களா? இங்க உங்களுக்குச் சொந்தம்னு ஆருங்க இருக்கறாங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

மாஸ்டருடைய நிஜப் பெயர் எனக்கு அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது.

"சாணி மாஸ்டர் இருக்காரு," என்றேன்.